அலமாரியில் இல்லாத துப்பாக்கி

தம்பி,

நேற்று நீ போனில் சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு "சரிப்பா, நல்லது" என்று மட்டும் சொன்னேன். "ஏம்மா, சந்தோஷமில்லையா?" என்று நீ கேட்டதற்கு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. கோலாலம்பூரில் வேலை. பழைய டீவி விளையாட்டுகளை எடுத்து இப்போதைய கம்பியூட்டர்களில் ஓடும்படி திருத்தி மறுபடி வெளியிடுகிற கம்பனி. அதில் ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்து எங்கே என்ன பிழை என்று சொல்வது உன் உத்தியோகம். அதிலும் உனக்குக் கொடுக்கப்போவது பேய் விளையாட்டுகள்தானாம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவந்து முதலில் ரயில் பாதையை மூடியது, பிறகு கீழ்த் தேயிலையை, பிறகு நம் வேலியை. அப்புத்தளையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூட்டம் புதிதல்ல. ஆனால் நீ முன்பு ஆடிய அந்தப் பேய் விளையாட்டின் பெயரை யார் சொன்னாலும் இந்த மூட்டத்துக்குள் யாரோ நிற்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு வந்துவிடுகிறது. போனில் பேச முடியாததை எழுதுகிறேன். போனில் பேசாமல் இருப்பதும் யுத்த நாட்களில் பழகியதுதான்.

உனக்குப் பதினாலு வயதிருக்கும்போது பதுளைக்குக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பினேன். உன் அப்பா இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை ரயிலில் போய் மாலை திரும்புவாய். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு மாடிக் கடையில் காசுக்கு டீவி விளையாட்டு ஆட விடுகிறார்கள் என்பதும், டியூஷன் முடிந்ததும் நீ அங்கே போய் உட்கார்வதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் அப்பா போனதற்குப் பிறகு நீ வாய்திறந்து பேசிய முதல் விஷயம் அதுதான். மலைமேல் ஒரு கைவிடப்பட்ட ஆஸ்பத்திரி. காணாமல் போன தங்கையைத் தேடி ஒரு பெண் அதற்குள் போகிறாள். கையில் ஒரு டோர்ச் மட்டும். செத்தவர்கள் நடக்கிறார்கள். தோட்டா கொஞ்சம்தான் கிடைக்கும், எல்லாரையும் சுட முடியாது, ஓட வேண்டும். இதையெல்லாம் சோற்றைப் பிசைந்தபடி நீ சொன்னாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் சோறு முடிந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

விளையாட்டைப் பாதியில் நிறுத்திச் சேமித்துவைக்க அந்தக் கடைக்காரர் விடமாட்டார். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ ஆஸ்பத்திரி வாசலிலிருந்துதான் தொடங்கவேண்டும். நேரத்தை வீணாக்காமல் உள்ளே போக, வழியை ஒரு பெரிய தாளில் வரைய ஆரம்பித்தாய். என் பாடசாலையிலிருந்து கொண்டுவந்த சித்திரத் தாள்தான் அது. மாடிமாடியாக, அறை அறையாக, சிவப்புப் பேனையால் கதவுகள், பச்சையால் படிக்கட்டுகள். பக்கத்தில் உன் கையெழுத்தில் குறிப்புகள். 'வாசலில் ரெண்டு பேர். சுடாதே. இடப்பக்கமாக ஓடு.' 'ரெண்டாம் மாடி, கடைசி அறை, அலமாரியில் பிஸ்டல்.' 'படிக்குக் கீழே தோட்டா.' 'கரண்ட் பெட்டியை நிறுத்தின பிறகு பின்கதவு.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, 'கரண்ட்' என்பதை 'மின்சாரம்' என்று திருத்தியதுகூட நான்தான். டீச்சர் புத்தி.

பிறகு நீ உயர்தரப் பரீட்சை முடித்து, பண்டாரவளையில் கம்பியூட்டர் படிக்கப் போய், பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்து பாகம் பாகமாக மாற்றி ஓடவைத்தாய். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு சீடியை எடுத்தாய். "அம்மா, அதே ஆஸ்பத்திரி! கம்பியூட்டருக்கு வந்திருச்சு!" அன்று முழுக்க நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழையதில் எல்லாமே மங்கலாக இருக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். இதில் சுவர்ப் பூஞ்சைகூடத் தெளிவாகத் தெரிந்தது. தொடங்கும்போதே திரையில் இரண்டு வரி வந்து நின்றது. "பழைய மாதிரியா, புது மாதிரியான்னு கேக்குதும்மா. புதுசுல எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிருக்கானுங்க" என்றாய். புதியதைத்தான் எடுத்தாய், அதற்குப் பிறகும் எப்போதும் அதைத்தான் எடுத்தாய். தெரிந்த வீட்டில் தெரியாத ஆளைப்போல நடப்பது உனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண் நடைபாதையில் போகிறாள், படம் கூரை மூலையிலிருந்து அவள் முதுகைப் பார்க்கிறது. திருப்பத்துக்கு அப்பால் யாரோ காலை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்கிறது. அவள் நின்றால் அந்தச் சத்தமும் நிற்கிறது. "போகாத புள்ள" என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். நீ கதிரையிலிருந்து விழுகிற மாதிரி சிரிப்பாய். கடைசியில் நானும் சிரிப்பேன். தம்பி, அந்தக் காலத்தில் நம் வீட்டில் பயப்படுவதற்கு வேறு பொருள் இல்லாமல் இல்லை. கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் இங்கே கதவு தட்டப்படும். பெயரைக் கேட்பார்கள், அடையாள அட்டையைக் கேட்பார்கள், பிறந்த ஊரைக் கேட்பார்கள். திரையில் இருக்கிற பயத்தைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்திவிடலாம் என்பதால்தான் உன்னை விளையாட விட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சுற்றிவளைப்பு வந்த காலை உனக்கும் நினைவிருக்கும். ஆனால் நீ பார்த்த பக்கம் வேறு, நான் பார்த்த பக்கம் வேறு. காலைத் தேநீர் நேரம். விடாத மழை. கதவைத் திறந்தால் வாசல் முழுக்க நனைந்த பொலிஸ் சப்பாத்துகள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "டீச்சர், பயப்பட வேணாம், சும்மா பாக்கத்தான்" என்று ஒருவர் தமிழிலேயே சொன்னார். உன் அறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. அங்கிருந்து சத்தமே இல்லை. பிறகு அவர் உன் மேசைக்குப் பின்னால் மட்டையில் ஒட்டி வைத்திருந்த அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "மேக்க மொகக்த டீச்சர்?" இது என்ன என்று கேட்கிறார். விளையாட்டு என்று நீயும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். தமிழ் தெரிந்தவர் குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் வாசித்தார். வாசலில் ரெண்டு பேர். அலமாரியில் பிஸ்டல். மின்சாரப் பெட்டியை நிறுத்தின பிறகு பின்கதவு. அவர் வாசிக்க வாசிக்க, எட்டு வருடமாக நான் பார்த்த தாள் என் கண் முன்னாலேயே வேறொரு தாளாக மாறியது. 'மின்சாரம்' என்ற சொல்லில் என் கையெழுத்தும் இருந்தது. உன்னையும் தாளையும் கம்பியூட்டர்ப் பெட்டியையும் சீடிகளையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நீ திரும்பிப் பார்த்து, "வந்துருவேம்மா, சாப்பிடுங்க" என்றாய்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. காலையில் போய் வாசலில் போட்டிருந்த மர வாங்கில் உட்காருவேன், மாலையில் திரும்புவேன். சோற்றுப் பார்சலை வாங்கிக்கொள்வார்கள், பதில் சொல்லமாட்டார்கள். அந்த வாங்கில் எனக்கு முன்பிருந்தே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், பாக்கியம் என்று பெயர். கொழும்பில் ஹோட்டல் வேலை செய்துகொண்டிருந்த அவள் மகன் ரவீந்திரன் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன். "அடையாள அட்டையில எழுத்து அழிஞ்சிருக்காம் டீச்சர். மழையில நனைஞ்சா அழியாதா?" என்று என்னிடம் கேட்டாள். இருவரும் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் மதியம் தமிழ் தெரிந்த அந்தப் பொலிஸ்காரர் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டீச்சர், நாளைக்குக் கொழும்பிலேந்து ஆக்கள் வாராங்க. அவங்க கூட்டிட்டுப் போனா எங்க கையில ஒண்ணும் இல்ல." அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களின் தாய்மார் எங்கள் பாடசாலைக்கு வந்து கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அனுமதி கேட்காமல் நிலையப் பொறுப்பதிகாரியின் அறைக்குள் போனேன். காய்ச்சல் வந்தவர்போலக் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "சேர், அந்த ஆஸ்பத்திரி ஒரு விளையாட்டுக்குள்ளே இருக்கிறது. பெட்டி உங்களிடம்தான் இருக்கிறது. போட்டுப் பாருங்கள். தாளும் அதுவும் ஒன்றில்லை என்றால் நான் வாய்திறக்கவே மாட்டேன்." அவர் மணியை அடித்தார்.

உன்னை அழைத்து வந்தபோது நான் உன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். வேறெதையும் பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மேசைமேல் பெட்டியை வைத்து இணைத்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி பொலிஸ்காரர்கள் கதவோரம் கூடி நின்றார்கள். பொறுப்பதிகாரி தாளை விரித்து, வாசல் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். நீ சடசடவென்று எதையோ அழுத்தினாய். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். நீ சுடாமல் இடப்பக்கமாக ஓடினாய். அவர் விரலும் ஓடியது. நடைபாதை சரி. படிக்கட்டு சரி. எனக்கு மூச்சு வந்தது. ரெண்டாம் மாடி, கடைசி அறை. அலமாரி இருந்தது. நீ அதைத் திறந்தாய்.

உள்ளே ஒன்றுமில்லை.

"துப்பாக்கி எங்கே?" என்றார். "படிக்குக் கீழே தோட்டா என்று இருக்கிறதே?" நீ கீழே இறங்கிப் போனாய். படிக்குக் கீழே தோட்டா இல்லை, ஒரு சாவிதான் கிடந்தது. "அப்படியென்றால் இந்தத் தாளில் இருக்கிற துப்பாக்கி வேறு எங்கேயோ இருக்கிறது" என்று அவர் மெதுவாகச் சொன்னார். கோபமில்லாத குரல். அந்தக் குரலைத்தான் நான் இன்றைக்கும் கனவில் கேட்கிறேன். அவர் தாளை மடிக்கத் தொடங்கினார். உன் கண் திரையில் இருந்தது, ஆனால் நீ அங்கே இல்லை. உன் வாய் மட்டும் எதையோ முணுமுணுத்தது. எத்தனையோ தடவை நடந்த இடத்தில் உனக்கு வழி மறந்துபோனதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் திருத்திய பரீட்சைத் தாள்களுக்கு மேலாக நான் பார்த்த அந்த இரண்டு வரி நினைவுக்கு வந்தது. "தம்பி, மொதல்ல ஒண்ணு கேக்குமே, பழசா புதுசான்னு. நீ பழக்கத்துல புதுச அமுக்கிட்ட. படம் வரைஞ்சது பழசப் பாத்து" என்றேன். தமிழில் பேசியதற்கு ஒருவர் என்னை அதட்டினார். பொறுப்பதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். நான் சிங்களத்தில் மறுபடி விளக்கினேன். "முன்னே டீவியில் வந்தபோது சாமான்கள் ஒரு இடத்தில் இருந்தன. கம்பியூட்டருக்கு மறுபடி வெளியிட்டபோது இடத்தை மாற்றினார்கள். ஆனால் பழையபடி விளையாடவும் வழி வைத்திருக்கிறார்கள்." அது எவ்வளவு கட்டிய கதைபோல ஒலித்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் தாளைப் பாதி மடிப்பில் நிறுத்தி, "ஒருமுறை" என்றார்.

நீ மறுபடி வாசலிலிருந்து தொடங்கினாய். இந்த முறை மெதுவாக. அலமாரிக் கதவு திறந்தபோது உள்ளே கறுப்பாக ஒன்று மின்னியது. பிஸ்டல். அறையில் யாரோ மூச்சை விட்டார்கள். படிக்குக் கீழே தோட்டா. மின்சாரப் பெட்டி. பொறுப்பதிகாரியின் விரல் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்தபோது, திரையில் ஜன்னல் உடைந்து ஒரு பிணம் உள்ளே விழுந்தது. கதவோரம் நின்ற ஒரு பொலிஸ்காரர் அம்மே என்று கத்திப் பின்னால் சாய்ந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் நீ எனக்குத் திரும்பக் கிடைத்தாய். ஆனால் நீ அசையவில்லை. பிணம் எழுந்து நடந்துவந்தது, அந்தப் பெண் துப்பாக்கியோடு சும்மா நின்றாள், அது அவளைப் பிடித்துக் கீழே தள்ளியது. "ஏன் சுடவில்லை?" என்று பொறுப்பதிகாரி கேட்டார். "கை நோகுது சேர்" என்றாய். எல்லாரும் உன் வலக்கையைப் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எழுந்து ஜன்னலை மூடப் போனார். ஜன்னல் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அன்று மாலையே உன்னை விட்டார்கள். தாளை மட்டும் தரவில்லை. வெளியே வரும்போது பாக்கியம் எழுந்து நின்று, "டீச்சர், எம்புள்ளய உள்ள பாத்தீங்களா?" என்று கேட்டாள். நீ அவளைக் கடந்து போனாய். பஸ்ஸில் வரும்போது, "அவன் என் பக்கத்துலதாம்மா இருந்தான்" என்று மட்டும் சொன்னாய். மறுநாள் கொழும்பிலிருந்து வாகனம் வந்தது. அதற்குப் பிறகு ரவீந்திரனை யாரும் பார்க்கவில்லை. உன்னிடம் காட்ட ஒரு விளையாட்டு இருந்தது. அவனிடம் காட்ட ஒன்றுமில்லை.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. டவுனில் பட்டாசு வெடித்தார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். போன மாதம்கூட மோட்டார் சைக்கிளில் ஒருவர் பாடசாலைக்கு வந்து, "மகன் இப்ப எங்க டீச்சர்?" என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டுப் போனார். பெயர் சொல்லவில்லை. அதனால் நீ போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. போ. அந்த வேலையும் நல்ல வேலைதான். ஒன்று மட்டும் சொல்வேன். எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டால் நல்லது என்று உன் கம்பனிக்காரர்கள் நினைப்பார்கள். நீ முன்பு ஒருநாள் என்னிடம் சொன்னாய், புதியதில் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய மங்கலில்தான் பயம் இருந்தது என்று. அதை அவர்களிடமும் சொல். பயத்தை அறிந்தவன் சொன்னால் கேட்பார்கள். விரல் இன்னும் மரத்துப்போகிறதென்றால் அங்கே போனதும் நல்ல டாக்டரிடம் காட்டு. எப்படி ஆனது என்று அவர் கேட்டால், விழுந்துவிட்டேன் என்று சொல்லாதே.

இந்தத் தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது, கரும்பை நறுக்கிக்கொண்டே நீயாக ஒன்றைச் சொன்னாய். உள்ளே இருந்த நாட்களில் ரவீந்திரன் உன்னிடம் கதை கேட்பானாம். நீ அந்த ஆஸ்பத்திரிக் கதையை அறை அறையாகச் சொல்வாயாம். "அந்தப் புள்ள தங்கச்சியக் கண்டுபிடிக்குமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம். முடிவைச் சொல்வதற்குள் உன்னைப் பொறுப்பதிகாரியின் மேசைக்கு அழைத்துவிட்டார்கள். அவ்வளவு சொல்லிவிட்டுக் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய்.

தம்பி, பாக்கியம் ஏறாத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் நான் அவளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் அப்படி ஒரு ஆளே பிடிபடவில்லை என்கிறார்கள். அவன் அங்கே இருந்தான், மூச்சுவிட்டான், கதை கேட்டான் என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பவன் நீ ஒருவன்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி ஏதாச்சும் சொல்லுச்சா டீச்சர்?" என்று கேட்பாள். பொங்கலுக்குப் பிறகு அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது என் வாயிலிருந்து போகவேண்டிய சொல் இல்லை. நீ பயப்படுவாய், எனக்குத் தெரியும். அவள் அழுவாள். அவனை அடித்தார்களா என்று கேட்பாள். சாப்பிட்டானா, என்னைக் கேட்டானா என்பாள். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லாதே. அவளுக்கு ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர்.

உனக்கு விமானம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை ரயிலில் ஏறி வந்துவிடு. இருவரும் சேர்ந்து பெரகலைக்கு இறங்கிப் போவோம், அவள் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போகும் வழி எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமலே நீ வருகிறாய் என்று நேற்றுச் சாயங்காலம் பாக்கியத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். நம்பாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு, புதன்கிழமை கொழுந்து பறிக்க மலைக்குப் போகமாட்டேன், வீட்டிலேயே இருப்பேன் என்றாள்.

அம்மா